பேச்சில்லாத இடங்கள்

சனி, ஞாயிறு இரண்டு நாட்களிலே ஐந்து அயல்நாட்டுப் படங்களை வீட்டிலிருந்தவாறே பார்த்து முடித்ததாக இளநண்பர் ஒருவர் அண்மையிற் பெருமையோடு கூறினார். இத்தாலி, யப்பான், ஈரான், வங்காளம் என்று அவர் சுற்றிவந்த தேசங்கள் பல. எவ்வாறு இயன்றது என்று வினவினேன். பேச்சு வராத பகுதிகளை விரைவாக ஓட்டிவிட்டாராம்!

இது அவர் ஒருவருக்கு மட்டும் உரிய பழக்கமன்று. மொழி தெரியாத படத்தைப் பார்க்கும்போது நமது கண் திரையின் அடியிலே தோன்றும் ஆங்கில உபதலைப்பைத் துரத்திக்கொண்டிருக்கின்றது. எழுத்து உள்ளவரை படத்திலே ஏதோ நடக்கின்றது. எழுத்து மறைந்ததும் ஒன்றும் நடக்கவில்லை என்னும் மயக்கம் உண்டாகின்றது. கொட்டகையிலே இம்மயக்கத்தாற் பெருந்தீங்கு விளைவதில்லை. அங்கே படம் நம் ஏவலுக்கு நிற்பதுமில்லை, ஓடுவதுமில்லை. வீட்டிலோ விசை நம் கையில் இருக்கின்றது. 1950இல் இலண்டனிலே டி சிக்காவின் 'சைக்கிள் திருடர்கள்' படத்தைப் பார்த்த சத்தியஜித் ராய், தாமும் படமெடுத்தே தீர்வது என்று உறுதி பூண்டார். அவர் கையில் விசை இருக்கவில்லை என்பது நமது நல்லூழ்.

யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ கதை'யை (1953) எடுத்துக்கொள்வோம். ஒனொமிச்சி என்னும் கரையோரப் பட்டினத்திலிருந்து முதிய தம்பதியர் பிள்ளைகளைக் காணத் தலைநகருக்கு வருகின்றனர். மருத்துவனாகிய மகனுக்கும், சிகை அலங்கார நிலையம் நடத்தும் மகளுக்கும் ஓய்வில்லை. பெற்றோரை அதாமியிலுள்ள வெந்நீரூற்று விடுதிக்கு அனுப்பிவிடுகின்றனர். போரிலே கணவனை இழந்த மருமகள் நொரிக்கோ ஒருத்தியே அவர்களை மனமார உபசரிக்கின்றாள். ஊர் திரும்பியதும் தாய் இறக்கின்றாள். கதை இவ்வளவே. படமோ இரண்டேகால் மணிநேரம் ஓடுகின்றது. எஞ்சிய நேரமெல்லாம் எங்கே போயிற்று? புகைபோக்கிகள், புகையிரதம், நீரிற் செல்லும் படகு, ஆளற்ற அறை. நிலத்தோடு தாழ்த்தி வைக்கப்பட்டுப் பெரும்பாலும் அசையாதிருக்கும் கமெரா. முதற்காட்சியிலே கணவனும் மனைவியும் அருகருகே அமர்ந்து பயணத்துக்கு ஆயத்தஞ் செய்கின்றனர். அயல்வீட்டுப் பெண் யன்னலருகே வந்து பேசிச் செல்கின்றாள். இறுதியில் அதே அறை, அதே அயலவள், கிழவர் மட்டும் தனியே. முதற்காட்சியை விரைந்து ஓட்டியவருக்கு அவர் அருகிலுள்ள அந்த வெற்றிடம் ஒருநாளும் புலப்படாது.

ஆசிரியர்கள் அவசியம் பார்க்கவேண்டியது அப்பாஸ் கியரஸ்தமியின் 'நண்பனின் வீடு எங்கே?' (1987). வீட்டுவேலையைக் கொப்பியில் எழுதிவராவிடிற் பள்ளியிலிருந்து நீக்கிவிடுவதாக ஆசிரியர் ஒரு சிறுவனை எச்சரிக்கின்றார். அவனது கொப்பி தவறுதலாக வகுப்புத் தோழன் அஹமதுவிடம் வந்துவிடுகின்றது. அதை ஒப்படைக்க அயற்கிராமத்துக்கு அஹமது ஓடுகின்றான். குன்றின்மேல் வளைந்து வளைந்து ஏறும் பாதையிலே அவன் ஓடுவதை நாம் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை காண்கின்றோம். 'இதைத்தான் முன்பே பார்த்தோமே' என்று கை விசையை நாடும். மறுதடவை ஓடும்போதுதான் அச்சிறு கால்களின் களைப்பு நம்மை வந்தடைகின்றது. வகுப்பறையில் நாம் எளிதிற் சொல்லிவிடும் ஒரு சொல், குழந்தையின் நெஞ்சில் எத்தனை மைல் தூரம் சுமக்கப்படுகின்றது! வசனத்தால் இதைச் சொல்லியிருந்தால் உபதேசமாய்ப் போயிருக்கும்.

உபதலைப்பே வேண்டாத படமொன்று நம்மிடமும் உண்டு. காவலூர் இராசதுரையின் கதையைச் சிங்கள இயக்குநரான தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாண மண்ணிலே படமாக்கினார். 1977இல் வெளிவந்த 'பொன்மணி' அது. சாதி வரம்பை மீறிக் காதலித்த பெண்ணொருத்தியின் கதையை ஆரவாரமின்றிச் சொன்ன அப்படம் வணிகத்தில் வெற்றி காணவில்லை. ஓசுவின் மௌனத்தை வியந்து பேசும் நமது இலக்கிய வட்டங்களிலே பத்திராஜவின் மௌனத்தை இருந்து பார்த்தவர் எத்தனை பேர்? அடுத்த வார இறுதிக்குப் படம் தேடுவோர் முதலில் இதைத் தேடிப் பார்க்கட்டும். நான் இப்போது வார இறுதிக்கு ஒரு படம், மிஞ்சினால் இரண்டு என்று வரையறுத்துக்கொண்டுள்ளேன். விளக்கை அணைத்து, தொலைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டே அமர்கின்றேன். வீட்டார் சிரிக்கின்றனர், சிரிக்கட்டும்.