காலி அம்பாரி

'ஷாஜகானின் மகன்களுக்கு இடையே வாரிசுரிமைப் போர்'னு அஞ்சு மார்க்குக்குப் படிச்சு, பரீட்சை ஹாலை விட்டு வந்ததுமே மறந்திருப்பீங்க. அதுல ஒரு யானை வரும். அந்தக் கதை தெரியுமா?

1657 செப்டம்பர். ஷாஜகான் படுத்த படுக்கை. தாரா ஷிகோ, ஷுஜா, ஔரங்கசீப், முராத் என நாலு பிள்ளைகள். அரியணைக்கு ஆளாளுக்குப் படை திரட்டினாங்க. மூத்தவர் தாராதான் அப்பா செல்லம். அதே வருஷம்தான் காசிப் பண்டிதர்கள் உதவியோட 50 உபநிஷதங்களைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்து முடிச்சிருந்தார்.

உடனே 'ஹீரோ'னு விசில் அடிக்காதீங்க. தர்பார்ல பெரிய தலைகளைக் கிண்டலடிச்சே பகையைச் சம்பாதிச்சவர். 1653-ல் கந்தகாரைப் பிடிக்கப் போய் வெறுங்கையோட திரும்பியவர். தம்பி ஔரங்கசீப்போ சின்ன வயசிலிருந்தே போர்க்களத்தில் ஊறினவர்.

1658 மே, ஆக்ரா பக்கம் சமுகர். சண்டை உச்சத்தில் இருந்தப்போ தாரா யானையை விட்டு இறங்கிக் குதிரையில் ஏறினார். படைக்குக் கண்ணில் பட்டது காலி அம்பாரி மட்டும்தான். 'நான் உயிரோடதான் இருக்கேன்'னு எஸ்.எம்.எஸ். தட்ட செல்போனா இருந்தது? தலைவர் போயிட்டார்னு நினைச்சு ஓட்டம் பிடிச்சாங்க. (எதிரியோட பீரங்கிகளும் ஒரு காரணம். பழியை முழுசா யானை மேல போடாதீங்க!)

அப்புறம் லாகூர், சிந்து, குஜராத்னு ஓட்டமோ ஓட்டம். வழியில் மனைவி நாதிரா பானு இறந்துபோனார். கடைசியா மாலிக் ஜீவன் என்பவர்கிட்ட அடைக்கலம். ஒருகாலத்தில் மரண தண்டனையிலிருந்து தாரா காப்பாற்றிய ஆள். அவரே பிடிச்சுக் கொடுத்துட்டார்.

அழுக்கு உடையில், ஒரு நோஞ்சான் யானை மேல ஏற்றி டில்லி வீதிகளில் ஊர்வலம் விட்டாங்க. கூட்டத்தில் நின்று பார்த்த பிரெஞ்சு டாக்டர் பெர்னியர் எழுதி வெச்சிருக்கார்: ஜனங்க கதறி அழுதாங்களாம். காப்பாற்ற ஒருத்தர்கூட வாளை உருவலை. 1659 ஆகஸ்ட் 30 அன்று தாராவைக் கொன்றாங்க.

உடல் ஹுமாயூன் கல்லறை வளாகத்தில் புதைக்கப்பட்டது. கல்லில் பேர்கூட இல்லை. எது அவர் சமாதினு கண்டுபிடிக்க 2020-ல் மத்திய அரசு ஒரு குழுவே போட்டது. ஆனா அவர் புத்தகம் பாரிஸ் வரைக்கும் போய், 1801-ல் லத்தீனில் வந்து, ஜெர்மனியில் ஷோப்பன்ஹவர் மேஜையில் உட்கார்ந்தது.

டில்லி போனா காஷ்மீரி கேட் பக்கம் அம்பேத்கர் பல்கலைக்கழகத்துக்குள்ள எட்டிப் பாருங்க. தாராவோட நூலகம்னு சொல்ற கட்டடம் அந்த கேம்பஸ்லதான் இருக்கு.