தலைமடையும் கடைமடையும்



ஆடிப் பதினெட்டு நெருங்கிவிட்டது. குளித்தலைக்கு அருகே காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்தவர் என் தாயார். கல்யாணுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகியும், அந்த நாளில் ஓர் ஆற்றைக் கண்ணால் காணாமல் இருக்க அவர் மனம் ஒப்புவதில்லை. சென்ற ஆண்டு மோஹனே பக்கத்தில் உல்லாஸ் நதிக்கரைக்கு அழைத்துச் சென்றேன். மழைக்காலமாதலால் ஆறு செந்நிறமாய்க் கரைதொட்டு ஓடிக்கொண்டிருந்தது. சித்திரான்னங்களை இலையில் வைத்து மஞ்சளும் பூவும் ஆற்றில் விட்டபின், தாயார் ஒரு கை நீரை அள்ளி முகர்ந்து பார்த்தார்.

"தம்பி, நம்ம வீட்டுக் குழாயிலே வர்றது இந்தத் தண்ணிதானே? இந்த ஆறு யாரு பொறுப்புலே இருக்குது?"

எனக்கு விடை தெரியவில்லை. புணே செல்லும் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டிருந்தால் தயங்காமல் சொல்லியிருப்பேன். பத்து ஆண்டுகளாக இவ்வூர் நீரைக் குடித்து வருகிறவன் அதன் பூர்வோத்தரம் அறியாமலிருந்தது வெட்கமாகவே இருந்தது. அன்றுமுதல் விசாரித்து அறிந்ததில் ஒரு பகுதியை இம்மாதப் பக்கத்தில் எழுதுகிறேன்.

உல்லாஸ் நதி ராஜ்மாசி மலைப்பக்கத்தில் தோன்றி, கர்ஜத், பத்லாபூர், கல்யாண் வழியாக ஓடி, வசாய் கழிமுகத்தில் கலக்கிறது. நீளம் சுமார் 120 கிலோமீட்டர். கர்ஜத் மார்க்கத்தில் பிரயாணம் செய்கிற நம்மவர்கள் ஜன்னல் வழியே இதைப் பலமுறை பார்த்திருப்பார்கள். மலையிலிருந்து இறங்கும் இத்தகைய சிற்றாறு பங்குனி சித்திரையில் வற்றிப்போவதே இயல்பு. ஆனால் இது கோடையிலும் ஓடுகிறது. காரணம், பிவ்புரியில் உள்ள மின்சார நிலையம்.

மலைக்கு அப்பால், கிழக்கு நோக்கி ஓடும் ஆந்திரா என்ற சிற்றாற்றை அணைகட்டித் தேக்கி, அந்நீரை மேற்கே மலைச்சரிவில் குழாய்வழி விழச்செய்து டாட்டா நிறுவனத்தார் 1922 முதல் மின்சாரம் எடுத்து வருகிறார்கள். சுழலியைச் சுற்றிவிட்டு வெளியேறும் நீர் உல்லாஸில் வந்து சேருகிறது. அந்தச் சிற்றாறு தன் இயற்கை வழியில் போயிருந்தால் இந்திராயணியில் கலந்து, பீமாவில் கலந்து, முடிவில் கிருஷ்ணா நதியை அடைந்திருக்கும். கிருஷ்ணைக்குச் சேரவேண்டிய நீரில் ஒரு பங்கைத்தான் கோடைக்காலத்தில் கல்யாணிலும் தாணாவிலும் நாம் குடிக்கிறோம். இதைச் சொன்னதும் தாயார், "அப்படின்னா மெட்ராஸிலே உன் தங்கை குடிக்கிறதும் நாம குடிக்கிறதும் ஒரே தண்ணியா?" என்றார். படித்தவன் நான், அந்த முடிச்சை அவிழ்த்தவர் அவர்.

சென்னைக்குக் கிருஷ்ணா நீர் கிடைத்த கதை நம்மில் பலர் அறிந்ததே. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களும் தத்தம் பங்கிலிருந்து ஆளுக்கு 5 டி.எம்.சி. விட்டுக்கொடுப்பதாக 1976-இல் இசைந்தன. வழியில் ஆவியாகிப் போவது போக 12 டி.எம்.சி. எல்லையில் வந்து சேரவேண்டும் என்பது கணக்கு. நீர் பூண்டி ஏரியை எட்டியது 1996-இல். ஒப்பந்தத்துக்கும் தண்ணீருக்கும் இடையே இருபது ஆண்டுகள்! ஒப்புக்கொண்ட அளவு பெரும்பாலான ஆண்டுகளில் முழுமையாக வந்ததில்லை என்பதும் உண்மை. எனினும், நாம் பிழைக்க வந்த இந்த மாநிலம் நம் உறவினரின் தாகத்துக்கு ஒரு பங்கு எழுதிக் கொடுத்திருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

2019-ஆம் ஆண்டு சென்னையின் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் அனுப்பினார்கள். முதல் வண்டி ஜூலை 12-ஆம் தேதி போய்ச் சேர்ந்தது. 50 வாகன்கள், 25 லட்சம் லிட்டர். எங்கள் இலாகா செய்த வேலையாதலால் எனக்குப் பெருமைதான். ஆயினும் குமாஸ்தா புத்தி கணக்குப் போடாமல் விடுமா? ஒரு டி.எம்.சி. என்பது ஏறக்குறைய 2,830 கோடி லிட்டர். அதை ரயிலில் கொண்டுபோவதாயின் 11,000 வண்டிகளுக்கு மேல் ஓட்டவேண்டும். அக்கம்பக்கத்தார் காலத்தில் கூடிப் பேசினால் கால்வாய் வரும். பேசத் தவறினால் வாகன்தான் வரும்.

அதே ஜூலை 27-ஆம் தேதி, இங்கே வாங்கணிக்கு அருகில், இதே உல்லாஸ் பெருக்கெடுத்து மகாலட்சுமி எக்ஸ்பிரஸைச் சூழ்ந்துகொண்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரயாணிகளைப் படகு வைத்து மீட்டார்கள். அங்கே தண்ணீருக்காக ரயில், இங்கே தண்ணீரில் ரயில்! இரண்டுக்கும் இடையே பதினைந்தே நாட்கள்.

இனி நம் பக்கத்து நகரசபைகளின் விஷயம். தாணா, பிவண்டி-நிஜாம்பூர், மீரா-பயந்தர் ஆகிய மூன்று மாநகராட்சிகளும் தாணா ஜில்லா பரிஷத்தும் கூட்டாக ஒரு நீர் ஸ்தாபனம் வைத்திருக்கின்றன. ஷஹாடில் ஆற்றிலிருந்து நீரை இறைத்து, பிவண்டியை அடுத்த டெம்கரில் சுத்திகரித்து, நான்கு பேருக்கும் மொத்தமாகப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. வீட்டுக்கு வீடு குழாய் விடுவது அந்தந்தச் சபையின் பொறுப்பு. மீரா ரோட்டில் வசிக்கும் நம் அன்பர்களின் வீட்டுக்கு அருகில் ஓர் ஆறும் இல்லை. உள்ளதெல்லாம் உப்புக் கழிமுகமே. தனித்து நின்றிருந்தால் அவ்வூர் என்ன செய்திருக்கும்? கல்யாண் இந்தக் கூட்டில் இல்லை. தன் பங்கைத் தானே இறைத்துக்கொள்கிறது.

கோடையில் இருப்பு குறையும்போது, ஜூலை நடுப்பகுதி வரை நீரை நீட்டிக்க, ஆற்றை நம்பியுள்ள சபைகள் அனைத்தும் தம் பங்கைக் குறைத்துக்கொண்டு வாரத்தில் முறைவைத்துக் குழாயை மூடுகின்றன. 2016-ஆம் ஆண்டுக் கோடையில் வாரம் ஒரு நாளோடு அது நிற்கவில்லை. அன்று எங்கள் கட்டிடத்தில் நடந்த குடச் சண்டைகளை இங்கே எழுதினால் பலர் முகம் சிவக்கும், என் முகம் உட்பட. ஆனாலும் முறைவைத்துப் பாய்ச்சுவது நம்மவர்க்குப் புதிதன்று. வயல்வெளியில் நீர் குறைந்தால் இன்று உன் மடை, நாளை என் மடை என்பதுதானே வழக்கம்?

இவ்வளவையும் தாயாரிடம் விவரித்தேன். பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் இடைமறித்தார். "கூடியிருக்கிறவங்க எல்லாரும் கடைமடைக்காரங்களால்லே இருக்காங்க? தலைமடைக்காரன் எங்கே?"

இந்தக் கேள்விதான் என்னை இப்பக்கம் எழுதத் தூண்டியது. ஷஹாடில் நீர் இறைக்கும் இடத்தை ஒட்டியே உல்லாஸ்நகரின் கழிவைச் சுமந்து வரும் கேமானி ஓடை ஆற்றில் கலந்து வந்தது. அதைத் திருப்பிவிடுவதற்கான வேலைகள் எடுக்கப்பட்டன, வழக்குகள் நடந்தன, 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இவ்வாற்றின் மாசுக்காக அபராதமும் விதித்தது. உல்லாஸ்நகரோ தொழில் வளர்ச்சிக் கழகத்தின் குழாயிலிருந்து குடிநீர் பெறுகிறது. கூட்டு ஸ்தாபனத்தில் அது உறுப்பினரும் அன்று. குடிப்பவர்கள் ஒரு மேஜையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். ஓடை விடுபவர்க்கு அங்கே நாற்காலி இல்லை. அபராதம் விதித்துத் திருத்துவதைவிட நாற்காலி போட்டு உட்காரவைப்பது மலிவு என்று எனக்குத் தோன்றுகிறது. பத்லாபூருக்கும் கர்ஜத்துக்கும்கூட அங்கே இடம் வேண்டும். வீடுகள் இனிப் பெருகப்போவது அந்தப் பக்கத்தில்தான்.

இது நடவாத காரியமன்று. உல்லாஸின் உபநதியான பார்வியில் உள்ள அணையை உயர்த்தியபோது பல கிராமக் குடும்பங்கள் வீடும் நிலமும் இழந்தன. அக்குடும்பங்களில் ஒருவருக்கு, அவ்வணையின் நீரைப் பெறும் நகரசபைகளே உத்தியோகம் தரவேண்டும் என ஏற்பாடாயிற்று. தண்ணீர் பெறுகிறவன் தண்ணீர் தந்தவனுக்குக் கடன்பட்டவன் என்று அரசாங்கக் காகிதத்திலேயே எழுதினார்கள். எத்தனை பேருக்கு எவ்வளவு தாமதத்தில் கிடைத்தது என்பது வேறு கதை.

நியாயத்தை மறைக்கலாகாது என்பதால் மற்றொன்றையும் சொல்லவேண்டும். கஸாரா மார்க்கத்தில் போனால் என் தலைமடைக் கணக்கு தலைகீழாகிறது. பம்பாய் மாநகரத்துக்கு நீர் தரும் பாத்ஸா, தான்ஸா நீர்த்தேக்கங்கள் ஷஹாப்பூர் தாலூகாவில் உள்ளவை. அதே தாலூகாவின் ஆதிவாசிக் குடியிருப்புகளுக்குக் கோடையில் டாங்கர் லாரி வருகிறது. தலைமடையில் வறட்சி, கடைமடையில் ஷவர்! ஒருமுறை வேலை நிமித்தம் கஸாரா சென்று திரும்புகையில், தண்டவாளத்துக்கு அப்பால் மூன்று குடங்களைத் தலைமேல் அடுக்கி நடந்த பெண்மணி ஒருத்தியைக் கண்டேன். என் கையில் ஒரு புட்டித் தண்ணீர் இருந்தது. வீடு வந்து சேரும்வரை அதைத் திறக்க மனம் வரவில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தாணா, பிவண்டி, மீரா ரோடு, கல்யாண், டோம்பிவிலி, உல்லாஸ்நகர் பகுதிகளில் வசிக்கும் அன்பர்கள், தங்கள் குழாயில் எத்தனை மணிநேரம் நீர் வருகிறது, கோடையில் எந்தக் கிழமை மூடப்பட்டது, நிறமோ நாற்றமோ எப்போதாவது கண்டதுண்டா என்பவற்றை ஒரு கார்டில் எழுதிச் சங்க அலுவலகத்துக்கு அனுப்புக. அவற்றை ஒன்றாகத் தொகுத்து, மராத்தி நன்கறிந்த நம் அன்பர்களின் துணையோடு ஒரே மனுவாக எழுதி எல்லாச் சபைகளின் அங்கத்தினர்களுக்கும் அனுப்பலாம் என்று செயற்குழுவினரிடம் கேட்டிருக்கிறேன். உல்லாஸ்நகர் அன்பர்கள் தவறாமல் எழுதவேண்டும். குறை கூறுவதற்காக அன்று. அவர்களும் நம்மோடு கையெழுத்திட வேண்டும் என்பதற்காகவே.

இவ்வாண்டு ஆடிப் பதினெட்டுக்கு மோஹனே வேண்டாம், ஆறு மலையிலிருந்து இறங்கும் இடத்துக்கே போகவேண்டும் என்கிறார் தாயார். கர்ஜத் லோக்கலில் பிவ்புரி ரோடுக்கு நான்கு டிக்கெட். மழை அதிகமானால் கரையில் இறங்குவதில்லை என்று இப்போதே வாக்கு வாங்கிவிட்டேன்.