லைன் எங்கே? நம்ம காசு எங்கே?



பட்டா, பயிர்க் காப்பீடு, பி.எம். கிசான் எல்லாத்துக்கும் இன்டர்நெட். உடன்குடி சுத்துப்பட்டு கிராமத்தில் நமக்குக் கிடைப்பதோ, "சர்வர் சுத்துது, நாளைக்கு வாங்க!" பனையேற்றத்தை விட்டுட்டு, வெற்றிலைக் கொடிக்காலை விட்டுட்டு, பஸ் காசு கொடுத்து அலைகிறோம்.

ஊராட்சிதோறும் கண்ணாடி இழை கேபிள் என்று மத்திய அரசு ஒப்புதல் தந்தது 2011-ல். 2015-ல் பாரத்நெட் என்று பேரை மாற்றியது. 2023-ல் மறுபடியும் 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்கியது. இது இனாமா? செல்போன் கம்பெனி வருவாயில் 100-க்கு 5 ரூபாய் கிராமத் தொலைத்தொடர்புக்கென்றே பிடிக்கிறார்கள். அது நாம் ரீசார்ஜ் பண்ணிய காசு!

அரசுகளே! ஊராட்சி ஆபீசில் பெட்டி வைத்தால் போதாது. கூட்டுறவுச் சங்கத்துக்கும் வீட்டுக்கும் லைன் கொடு! அதுவரை வி.ஏ.ஓ. ஆபீசில் காகித மனு வாங்கு! நெட் கோளாறால் கெடு தவறினால் காப்பீட்டை மறுக்காதே!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்!