பிள்ளையைக் கிள்ளித் தொட்டிலை ஆட்டுவதா?

பெரியம்மை பூண்டோடு ஒழிந்தது. காலராவின் கொடுமை பெரிதும் அடங்கிற்று. அந்தக் கொள்ளை நோய்களை வென்ற நம் தேசத்தை இப்போது ஆரவாரமின்றி வேறு நோய்கள் பற்றியிருக்கின்றன. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு, பக்கவாதம் என்பன அவை. அவை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதில்லை. ஒரே நாளில் கொல்வதுமில்லை. ஆண்டுக் கணக்காக உடலுக்குள் குடியிருந்து, கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் ஒவ்வொன்றாகக் கவர்ந்து, உழைக்கும் வயதிலேயே குடும்பத் தலைவனைப் படுக்கையில் தள்ளுகின்றன.

இவை செல்வர் வீட்டு வியாதிகள் என்று இன்னும் எண்ணுவோர் அவ்வெண்ணத்தை விட்டொழிக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேல். அதன் வாசலில் நிற்போர் 13 கோடிக்கு மேல். வயது வந்தோரில் நூற்றுக்கு 35 பேருக்கு இரத்தக் கொதிப்பு. இத்தனை கோடிச் செல்வர்கள் இந்நாட்டில் எங்கே இருக்கிறார்கள்? செல்வனுக்கு நோய் ஒரு தொல்லை. கூலியாளுக்கோ அது வீட்டையும் நிலத்தையும் விழுங்கும் கடன்.

இதனை உணர்ந்து தமிழ்நாட்டு அரசாங்கம் 2021 ஆகஸ்டு 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்து, மாத்திரைகளை நோயாளியின் கையிலேயே கொடுக்கும் ஏற்பாடு அது. ஒரு நாள் கூலியை இழந்து ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்த ஏழைக்கு அது செய்த உபகாரம் பெரிது. அதை மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் மருந்து வீடு தேடி வருகிறது; நோய் எங்கிருந்து வருகிறது? மாத்திரை கொடுக்கும் அதே அரசாங்கம்தான் ரேஷன் கடையில் தீட்டிய அரிசியையும் சர்க்கரையையும் பாமாயிலையும் அளந்து கொடுக்கிறது. 1937-ல் சேலத்தில் மதுவிலக்குக்கு வழிகாட்டிய நாட்டில், 2003-ல் சில்லறை மது விற்பனையைத் தன் கையிலேயே எடுத்துக் கொண்டதும் அரசாங்கமே. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதுவன்றோ? ரேஷன் அரிசி பசிக்கொடுமையை ஒழித்தது. அதை நிறுத்தச் சொல்வது மதியீனம். அதனோடு தானியமும் பருப்பும் சேரவேண்டும் என்பதே நம் கட்சி. 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசியில் ஒரு பகுதிக்கு ஈடாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கினர். அங்கே கூடுவது மற்ற மாவட்டங்களில் ஏன் கூடாது?

'நாவை அடக்காதது அவனவன் குற்றம். அரசாங்கம் என் செய்யும்?' என்பர் சிலர். வள்ளுவரும் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் உணவின் அளவைப் பற்றியே பெரிதும் பேசினார். அவரவர் கடமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் நடக்க வீதியில் இடமில்லை; மலிந்த விலைக்குக் கிடைப்பவை உப்பும் இனிப்பும் எண்ணெயும் மிகுந்த பண்டங்களே. இந்நிலையில் அடக்கத்தை மட்டும் உபதேசிப்பது நியாயமாகுமா?

பின்லாந்து தேசத்தில் வடகரேலியா என்ற மாகாணம் மாரடைப்புக்குப் பேர் போனது. 1972-ல் அங்கு ஒரு முயற்சி தொடங்கிற்று. மாதர் சங்கத்தார் ஊர்தோறும் கூடிச் சமையலை மாற்றிக் காட்டினர். பால் பண்ணைகள் கொழுப்புக் குறைந்த பாலை விற்றன. இறைச்சிப் பண்டம் செய்வோர் கொழுப்பையும் உப்பையும் குறைத்தனர். புகையிலைக்கு எதிராகப் பிரசாரம் நடந்தது. நாற்பது ஆண்டுகளுக்குள் உழைக்கும் வயது ஆடவரின் மாரடைப்பு மரணம் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்தது. ஊரே மாறியதால் அவனவனும் மாறினான்.

நம் நாட்டிலும் சட்டத்தால் ஆகக்கூடியவை உண்டு. எண்ணெயிலும் வனஸ்பதியிலும் 'டிரான்ஸ்' கொழுப்பு நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி 2022-ல் அமலுக்கு வந்தது. அவ்வாறே உப்பும் சர்க்கரையும் மிகுந்த பொட்டலங்களின் முகப்பில், 2016-ல் சிலி தேசம் செய்ததுபோல், கறுப்பு எச்சரிக்கை பொறிக்கப்பட வேண்டும். மதுக்கடைகள் ஆண்டுதோறும் குறைய வேண்டும்.

பொதுப்பணியில் இறங்கிய அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கலாகாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் ஊரில் அது நடக்கிறதா? மாத்திரை பெறுவோர் எத்தனை பேர், அவர்களில் நோய் கட்டுக்குள் வந்தவர் எத்தனை பேர்? கிராம சபை கூடும்போது இக்கேள்விகளை எழுப்புங்கள். பதில் கிடைக்கும்வரை உட்காராதீர்கள். மருந்து தருவது அரசாங்கத்தின் கருணை அன்று, கடமை. நோயைத் தராதிருப்பது அதனினும் முதற்கடமை.