மானியம் மக்களுடையது, பள்ளி யாருடையது?

இராணுவ அதிகாரிகளின் பதவிகள் சில மாநிலங்களுக்கும் சில வர்க்கங்களுக்கும் உரியனவாக இருந்த நிலையை மாற்றவே, வி.கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த 1961இல் சைனிக் பள்ளிகள் தொடங்கப்பட்டன. நிலமும் கட்டடமும் மாநில அரசுகள் தந்தன. எளிய குடும்பத்துப் பிள்ளையும் உண்டு உறைவிடப் பள்ளியில் பயின்று தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்திற்குச் செல்லலாம் என்பதே நோக்கம். அந்த நோக்கம் முழுமையாக நிறைவேறியது என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் பள்ளி அரசிடம் இருந்தது. கேள்வி கேட்க இடமிருந்தது.

அறுபது ஆண்டுகளில் எழுந்தவை 33 பள்ளிகள். 2021 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒரே முடிவில் மேலும் நூறு பள்ளிகளுக்கு ஒப்புதல் அளித்தது. இவை பெரும்பாலும் தனியாரும் அறக்கட்டளைகளும் மாநில அரசுகளும் ஏற்கெனவே நடத்திவரும் பள்ளிகள். ‘சைனிக்’ என்னும் பெயர்ப்பலகை மட்டுமே புதியது. 2022இல் முதலில் அறிவிக்கப்பட்ட 21 பள்ளிகளில் மாநில அரசுகளுடையவை மூன்றே. உறைவிடப் பள்ளிகள் 14.

இருக்கும் கட்டமைப்பைப் பயன்படுத்தினால் செலவு மிச்சம் என்கிறது அரசு. எவருக்கு மிச்சம்? வகுப்பில் பாதிப் பேருக்கு, அதாவது 50 மாணவர்கள் வரை, கட்டணத்தில் பாதியை அரசு தரும். உச்சவரம்பு ஆண்டுக்கு 40 ஆயிரம் ரூபாய். கட்டணத்தை நிர்ணயிப்பதோ பள்ளி நிர்வாகம். ஒன்றரை லட்சம் என்று நிர்வாகம் அறிவித்தால், அரசின் 40 ஆயிரம் போக, எஞ்சிய 1 லட்சத்து 10 ஆயிரத்தைத் தகப்பன் கட்ட வேண்டும். எந்தக் கூலித் தொழிலாளி கட்டுவார்? தகுதியையும் வருமானத்தையும் பார்த்தே உதவி என்று விதி பேசுகிறது. கட்ட இயலாதவரின் பிள்ளை அந்த வாசலுக்கே வரப்போவதில்லை.

இதன்மேல், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியை அளவுகோலாக்கி ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் பயிற்சி மானியம் வேறு. தேர்ச்சி பெறத் தடுமாறும் பள்ளிக்குத்தான் பயிற்சிக்குப் பணம் வேண்டும். இங்கே முன்னமே தேறிவிட்டவனுக்குப் பரிசு! சேர்க்கை முறையோ இன்னும் வெளிப்படையானது. ஆறாம் வகுப்பு இடங்களில் அகில இந்தியத் தேர்வின் வழியே வருவோருக்குக் குறைந்தது 40 விழுக்காடு. ஏனைய 60 விழுக்காடு வரை, அதே பள்ளியில் ஏற்கெனவே கட்டணம் கட்டிப் படிப்போருக்கு, ஒரு தகுதித் தேர்வின் பேரில். பணம் கட்டி உள்ளே வந்தவனுக்குப் பொதுப்பணத்தில் இடஒதுக்கீடு என்பதன்றி இதற்கு வேறு பெயர் இல்லை. சமூகநீதிக்கான இடஒதுக்கீட்டைத் ‘தகுதிக்கு எதிரி’ எனத் தூற்றுவோர் இதுபற்றி வாய் திறப்பதில்லை.

பள்ளிகள் எவர் கைக்குப் போயின? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே பெற்ற பதில்களைக் கொண்டு, ‘ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ்’ என்னும் செய்தியாளர் குழு 2024 ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வின்படி, கையெழுத்தான 40 ஒப்பந்தங்களில் 62 விழுக்காடு ஆர்எஸ்எஸ், பாஜக, அவற்றின் சார்பு அமைப்புகள் ஆகியவற்றோடு தொடர்புடையவை. குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்றது பாதுகாப்பு அமைச்சகம். அவ்வாறாயின் பட்டியலில் உள்ள நாகபுரி போன்ஸ்லே இராணுவப் பள்ளியைப் பற்றி அமைச்சகம் என்ன சொல்லும்? அதை நடத்தும் சங்கம் பி.எஸ். மூஞ்சே உருவாக்கியது. 1931இல் இத்தாலிக்குச் சென்று முசோலினியைச் சந்தித்து, அங்கு பாசிஸ்டுகள் சிறுவர்களுக்கு அளித்த பயிற்சியை வியந்து தம் நாட்குறிப்பில் எழுதிவைத்த அதே மூஞ்சே. நாசிக்கில் அவர் தம் பள்ளியை நிறுவியது 1937இல். அந்த மரபுக்கு இன்று குடியரசின் முத்திரையும் கருவூலத்தின் மானியமும்.

நாட்டில் வேறு உறைவிடப் பள்ளிகளும் உள்ளன. 2004இல் தொடங்கிய கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயாக்களில் முக்கால் பங்கு இடங்கள் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைச் சிறுமியருக்கு. மீதி வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு. அங்கே ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஒப்பந்த ஊதியத்தில் காலம் தள்ளுகிறார்கள். புதிய கல்வி முயற்சிகளுக்கு மானியம் தருவதில் அரசுக்கு உண்மையான அக்கறை இருந்தால், தேர்ச்சி விகிதம் கேட்காமல் அந்த 10 லட்சத்தை முதலில் அங்கே தரட்டும். நூறு பள்ளிகளின் ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றையும், கட்டண விவரத்தோடு, நாடாளுமன்றத்தின் முன் வைக்கட்டும்.