குள்ளன்னா எல்லாரும் ஒண்ணா?



போன வாரம் மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் ஒரு பெரிய சண்டை நடந்தது. அடிதடி இல்லை, வாய்ச்சண்டைதான். ஆனாலும் இன்னும் தீரவில்லை. அதனால்தான் சுவர் இதழ் வரைக்கும் கொண்டு வந்திருக்கிறேன். படித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

முதலில் விஷயம். எங்கள் வகுப்பில் ஐந்து பேர் ஒரு கதை விளையாட்டு ஆடுகிறோம். சென்னையில் இருக்கும் என் அத்தை பையன் லீவுக்கு வந்தபோது சொல்லிக் கொடுத்தான். அதன் பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. ஒருத்தர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். "கதவை உடைக்கிறேன்" என்று சொன்னால் போதாது, 20 பக்கம் உள்ள பகடையை உருட்டி நல்ல எண் விழ வேண்டும். எங்களிடம் அந்தப் பகடை இல்லை. 1 முதல் 20 வரை சீட்டு எழுதி டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்கி எடுக்கிறோம்.

அதில் பாத்திரங்களுக்கு இனம் உண்டு. குள்ளமான இனம் மட்டும் மூன்று: ட்வார்ஃப், ஹாஃப்லிங், நோம். ட்வார்ஃப் நாலு முதல் ஐந்தடி, மற்ற இருவரும் மூன்றடி சொச்சம். கதை சொல்லும் நண்பன் அன்றைக்கு என்ன சொன்னான் தெரியுமா? "மூணும் குள்ளன்தானே, எதுக்கு மூணு? ஒண்ணு போதும், ரெண்டை அடிச்சிடலாம்." எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அவன் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவன் முட்டாள் இல்லை. மூன்று இனத்தை வைத்துக்கொண்டு நாங்கள் எப்படி ஆடினோம்? ட்வார்ஃப் ஆக ஆடியவனும் ஜோக் அடித்தான், நோம் ஆக ஆடியவனும் ஜோக் அடித்தான், ஹாஃப்லிங் ஆக ஆடிய நானும் மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டு ஜோக் அடித்தேன். பேரை மறைத்துவிட்டால் யார் யாரென்று தெரியாது. இது உண்மை. ஒத்துக்கொள்கிறேன்.

அந்த விளையாட்டைச் செய்தவர்களுக்கே இந்தக் குழப்பம் இருந்திருக்கிறது. ஹாஃப்லிங் என்பது முதலில் 'ஹாபிட்' என்றுதான் இருந்தது. டோல்கீன் 1937-ல் எழுதிய நாவலிலிருந்து எடுத்த பேர். உரிமைக்காரர்கள் ஆட்சேபித்ததால் பேரை மாற்றினார்கள். நோம் 1978-ல்தான் ஆடக்கூடிய இனமாகச் சேர்ந்தது. 2008-ல் நாலாவது பதிப்பு வந்தபோது நோமை முதல் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பாவம், பூதங்களும் அரக்கர்களும் இருக்கும் புத்தகத்துக்குப் போய்விட்டது! அடுத்த வருஷமே இரண்டாவது புத்தகத்தில் திரும்பி வந்தது. ஆக, "இவன் எதற்கு?" என்ற கேள்வி எங்கள் வேப்பமரத்தடியில் மட்டும் எழுந்த கேள்வி இல்லை.

ஆனால் என் கேள்வி வேறு. குள்ளர்கள் ஒரே மாதிரி இருப்பதால் நமக்கு ஒரே மாதிரி தெரிகிறார்களா, இல்லை நாம் உயரத்தை மட்டும் பார்ப்பதால் ஒரே மாதிரி தெரிகிறார்களா?

பதில் தேடி அமெரிக்கா போக வேண்டாம். செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனால் போதும். நான் போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு போனேன். மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துச் சிற்பத்தை நாம் எல்லாரும் டூர் போனபோது பார்த்திருக்கிறோம். 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. சிங்கத்தின் மேல் துர்க்கை வில்லோடு வருகிறாள். எதிரே எருமைத்தலை அசுரன் கதையோடு சாய்ந்து நிற்கிறான். நான் இத்தனை நாள் அவர்கள் இருவரைத்தான் பார்த்தேன். இந்த முறை துர்க்கையைச் சுற்றி இருப்பவர்களைப் பார்த்தேன். பெரும்பாலும் குட்டையான, தொப்பை வைத்த பூதகணங்கள்! கையில் ஆயுதம். முன்னால் பாய்கிறார்கள். அந்தப் பக்கம் அசுரர்கள் வாட்டசாட்டமான ஆட்கள். அவர்கள்தான் பின்வாங்குகிறார்கள், விழுகிறார்கள். குட்டை ஆட்கள் ஜெயிக்கும் யுத்தம் அது! யாராவது நமக்கு இப்படிச் சொன்னார்களா?

அடுத்து அர்ச்சுனன் தபசு. ஒற்றைக்காலில் தவம் செய்பவருக்கு முன்னால் சிவபெருமான் நிற்கிறார். அவர் பக்கத்திலும் பூதகணங்கள் இருக்கிறார்கள். அதில் ஒருவருக்கு வயிற்றிலேயே ஒரு முகம்! இவர்களிடம் யுத்த வேகம் கிடையாது, எஜமானர் பக்கத்தில் காத்து நிற்கும் தோரணை. அதே பூதகணம்தான், ஆனால் வேலை வேறு, நிற்கும் விதம் வேறு.

வெளியே வந்து ஒரு சிற்பக்கூடத்தில் ஸ்தபதி ஐயா ஒருவரிடம் கேட்டேன். "பூதம் செதுக்கணும்னா சாமி சிலையையே சின்னதா செய்வீங்களா ஐயா?" அவர் சிரித்துவிட்டார். "பெரிய ஆளைச் சுருக்கினா பூதம் வராது தம்பி, சின்ன பொம்மைதான் வரும்" என்றார். அவர் சொன்ன கணக்கு இது. முகத்தின் நீளம் ஒரு தாளம். சிவன், விஷ்ணு போன்ற பெரிய தெய்வங்களுக்கு உடல் மொத்தம் பத்துத் தாளம். பிள்ளையாருக்கு ஐந்து. பூதங்களுக்கு நாலு. அதாவது பூதத்தின் உயரத்தில் கால் பங்கு முகமே! பத்தடிச் சிலையாகச் செய்தாலும் பூதம் பூதம்தான், ஒரு சாண் செய்தாலும் சிவன் சிவன்தான். மாமல்லபுரத்தில் 1957-ல் சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கி, அது இப்போது அரசுக் கல்லூரியாக இருக்கிறது. அங்கேயும் இந்தத் தாளக் கணக்குப் பாடம் உண்டாம். எனக்கு அப்போதுதான் மண்டையில் விளக்கு எரிந்தது. உயரம் ஒரு ஆளின் அடையாளமே இல்லை, அளவு விகிதம்தான் அடையாளம்!

இப்போது நம் கதைகளுக்கு வாருங்கள். அகத்தியர் குறுமுனி. சிவன் கல்யாணத்துக்கு எல்லாரும் வடக்கே கூடியதால் பூமி சாய்ந்தபோது, தெற்கே வந்து தன் ஒருவர் கனத்தால் சமன் செய்தவர். வாமனன் சின்னப் பையனாக வந்து மூன்றடி மண் கேட்டு உலகத்தையே அளந்தவன். வராக மண்டபத்தில் கால் தூக்கி நிற்பது அவன் வளர்ந்த கோலம்தான். முயலகன் நடராஜர் காலடியில் கிடக்கிறான். அவன் அறியாமையின் உருவம். வாலகில்யர் கட்டைவிரல் அளவு முனிவர்கள். அவர்கள் தொங்கிய கிளை முறிந்தபோது, கீழே போட்டால் அவர்களுக்கு அடிபடுமே என்று கருடனே அந்தக் கிளையைத் தூக்கிக்கொண்டு இடம் தேடி அலைந்தான். இவர்கள் நாலு பேரையும் யாராவது மாற்றிச் சொல்வோமா? மாட்டோம். ஏன்? ஒவ்வொருவருக்கும் ஒரு காரியம் இருக்கிறது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 1937-ல் வந்த டிஸ்னியின் ஸ்நோ ஒயிட் படத்தில் குள்ளர்கள் ஏழு பேர். ஒருவர் தூங்குமூஞ்சி, ஒருவர் சிடுமூஞ்சி, ஒருவர் தும்மிக்கொண்டே இருப்பார். சின்னப் பிள்ளைகூட அடையாளம் சொல்லும். அதே வருஷம் வந்த டோல்கீன் நாவலில் பதின்மூன்று குள்ளர்கள். பல நிறங்களில் தலைக்குல்லா. என் அத்தை பையன் இரண்டு தடவை படித்தவன், அவனாலேயே ஐந்தாறு பேருக்கு மேல் பிரித்துச் சொல்ல முடியவில்லை. குல்லா நிறம் போதாது நண்பர்களே, குணம் வேண்டும்!

விளையாட்டுப் புத்தகத்திலும் அந்தக் குணம் இருக்கத்தான் செய்கிறது. ட்வார்ஃபுக்கு விஷம் சுலபத்தில் ஏறாது. ஹாஃப்லிங்குக்கு அதிர்ஷ்டம்: 1 விழுந்தால் மறுபடி உருட்டலாம். நோமை மந்திரத்தால் ஏமாற்றுவது கஷ்டம். நாங்கள்தான் அதையெல்லாம் விட்டுவிட்டு மூன்று பேரையும் கோமாளி ஆக்கிவிட்டோம். தப்பு இனத்தில் இல்லை, ஆடிய எங்களிடம்.

ஏன் இவனுக்கு இதில் இவ்வளவு வேகம் என்று நினைப்பீர்கள். சொல்கிறேன். பிரேயரில் எங்கள் வரிசையில் முதல் ஆள் நான். எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் கிட்டத்தட்ட என் உயரம். வகுப்பில் யாராவது "டேய் குள்ளா" என்று கூப்பிட்டால் மூன்று பேரும் திரும்புவோம். ஒருத்தன் கணக்கில் புலி. ஒருத்தன் கோலவாய் ஏரிக்கரையில் ஓடிப் பழகி மாவட்டப் போட்டிக்குப் போனவன். நான் ஏதோ இப்படி எழுதுவேன். ஆனால் பேர் ஒன்றுதான். நீங்கள் விளையாட்டாகத்தான் கூப்பிடுகிறீர்கள், தெரியும். நானும் சிரித்துக்கொண்டுதான் திரும்புகிறேன். ஆனால் "மூணும் குள்ளன்தானே, ரெண்டை அடிச்சிடலாம்" என்று நண்பன் சொன்னபோது சிரிப்பு வரவில்லை.

அதனால் என் யோசனை இரண்டு. ஒன்று, விளையாடுகிறவர்களுக்கு. சின்ன இனத்தை எடுத்தால் மூன்று கேள்விக்கு எழுதிக் கொடுங்கள். இவன் எதில் கெட்டிக்காரன்? எதற்குப் பயப்படுவான்? யார் பக்கம் நிற்பான்? மூன்றுக்கும் பதில் இருந்தால் அவன் தனி ஆள். பதில் இல்லை என்றால் அடித்துவிடுங்கள், நான் தடுக்க மாட்டேன். என் நண்பன் ஒரு மாதம் இப்படி ஆடிப் பார்க்கச் சம்மதித்துவிட்டான். என் அடுத்த பாத்திரம் வயிற்றில் முகம் வைத்த பூதகணம்!

இரண்டாவது, எல்லாருக்கும். எங்கள் மூன்று பேருக்கும் வீட்டில் வைத்த பேர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒருத்தன் மட்டும் திரும்புவான்.

இப்படிக்கு,
பிரேயர் வரிசையில் முதலாமவன்,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு