ஜப்பான் கத்திக்குப் பேர் இருக்கு... தூத்துக்குடி கத்திக்கு ஏன் இல்லை?

கையால் அடித்த ஜப்பான் சமையல் கத்தி ஒன்று ஆன்லைனில் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டுவது சகஜம். தூத்துக்குடி மீன் சந்தையில் சீலா மீனைத் துண்டு போடும் கத்தியோ, உள்ளூர்ப் பட்டறையில் சில நூறு ரூபாய்க்கு அடித்தது. இரண்டும் கைவேலைதான். அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்? 'பிராண்டு மோகம்' என்பது பாதி பதில். மீதி, எஃகுக்குள் இருக்கிறது.

எஃகில் என்ன இருக்கு?

இரும்போடு கார்பன் சேர்ந்தால் எஃகு. கார்பன் கூடினால் கடினம் கூடும், கூர் அதிக நாள் நிற்கும். ஆனால், வாய் எளிதில் சில்லு பெயரும்.

ஜப்பானின் யசுகியில் தயாராகும் 'ஷிரோகாமி', 'அவோகாமி' எஃகுகள் கத்திப் பிரியர்களிடம் பிரபலம். பெயர்களின் அர்த்தம் 'வெள்ளைத் தாள்', 'நீலத் தாள்'. ஆலை ஒட்டும் தாளின் நிறம், அவ்வளவுதான்! இரண்டிலும் கார்பன் சுமார் 1 சதவீதம் அல்லது அதற்கும் மேல். நீலத்தில் கொஞ்சம் டங்ஸ்டனும் குரோமியமும் கூடுதல்.

நம்ம ஊர்ப் பட்டறைகளில் அதிகம் புழங்குவது பழைய லாரி ஸ்பிரிங் பட்டை. கார்பன் சுமார் 0.6 சதவீதம். பள்ளம் மேட்டில் குலுங்கும் பாரத்தைத் தாங்கச் செய்தது என்பதால் சட்டென்று உடையாது. மீன் தலையும் எலும்பும் வெட்ட இதுதான் சரி. அந்த வேலைக்கு மெல்லிய வாயுள்ள ஜப்பான் கத்தியை எடுத்தால் வாய் சில்லு பெயரலாம்.

துருவிலும் பாகுபாடு

தூத்துக்குடியின் உப்புக் காற்றில் கார்பன் எஃகு எதுவும் துருப்பிடிக்கும், ஷிரோகாமியும் விலக்கல்ல. உடனே கழுவி, துடைத்து, எண்ணெய் தடவ வேண்டும். ஜப்பான் கத்திக்கு இதைச் செய்தால் 'பராமரிப்பு'. உள்ளூர்க் கத்தி துருப்பிடித்தால் மட்டும் 'மட்டமான இரும்பு'. இது என்ன நியாயம்?

உண்மையான குறை எங்கே?

காயலான் கடைப் பட்டை எந்த ரகம் என்று கொல்லருக்கு உறுதியாகத் தெரியாது. சிவந்த இரும்பின் நிறம் பார்த்தே சூட்டைக் கணிக்கிறார். அனுபவம் கைகொடுக்கும். ஆனாலும், ஒரே கை அடித்த இரண்டு கத்திகளில் ஒன்று மாதக்கணக்கில் கூர் நிற்கும், இன்னொன்று வாரத்தில் மழுங்கிவிடும்.

ஜப்பானின் சகாய் நகரில் அடிப்பவர், தீட்டுபவர், பிடி போடுபவர் எல்லாம் தனித்தனி ஆட்கள். எஃகின் ரகம் தெரியும், அதற்கேற்ற சூடும் தெரியும். கத்தியில் பேரும் பொறிக்கிறார்கள். வாங்குபவர் காசு கொடுப்பது அந்த நிச்சயத்துக்குத்தான்.

பெருமை மட்டும் போதுமா?

சிவகளை இதே தூத்துக்குடி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே கிடைத்த மாதிரிகளை வைத்து, இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசின் அறிக்கை சொன்னது. இந்தியாவின் 'ஊட்ஸ்' எஃகை லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1819-ல் ஆராய்ந்திருக்கிறார். அந்த எஃகிலும் கார்பன் 1 சதவீதத்துக்கு மேல்.

இதையெல்லாம் ஸ்டேட்டஸில் பகிர்பவர்களில் எத்தனை பேர் பக்கத்துத் தெருப் பட்டறையில் கத்தி வாங்குகிறார்கள்? ஐயாயிரம் வருட இரும்பைக் கொண்டாடிவிட்டு, இன்றைய உலைக்களம் அணைவதைக் கண்டுகொள்ளாமல் இருப்பது வெறும் பேச்சு.

செய்ய வேண்டியது பெரிய விஷயமல்ல. ரகம் தெரிந்த எஃகுப் பட்டையைச் சிறிய அளவில் கிடைக்கச் செய்யலாம். சூடு அளக்கும் கருவியோடு ஒரு பொது உலை போதும். கடினம் சோதிக்கும் ராக்வெல் கருவி பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் இருக்கிறது. மாவட்டத் தொழில் மையம் இவற்றை இணைத்துக் கொடுக்கலாம். பிறகு கத்தியில் எஃகின் ரகத்தையும் பட்டறையின் பெயரையும் பொறிக்கட்டும்.

விலை சில நூறு கூடும். அதைப் பேரம் பேசாமல் கொடுப்பது வாங்குபவர் பங்கு.